மேட்டுக் காற்றும் புஷ்பக் விமானமும்

போடிக்கு மேலே வானத்தில் சரக்கு போய்வந்த காலம் ஒன்று உண்டு. நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. மூணாறு மலையில் விளைந்த தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கீழே இறங்க ரோடு கிடையாது. பெட்டிகளை இரும்புக் கயிற்றில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். கொட்டகுடியிலிருந்து போடி, போடியிலிருந்து கப்பல். 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷனில் ரோப்வேயின் மிச்சங்கள் இன்றும் கிடக்கின்றன. என் அப்பத்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பெட்டி பறந்து வருவதைப் பார்க்கவே ஆற்றோரமாகப் பல மைல் நடந்து போவார்களாம். "மலை உச்சில புள்ளியாத் தெரியும்யா. பாத்துக்கிட்டே இருக்கையில தலைக்கு மேல வந்துரும்" என்பாள்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான் விமானம் ஓட்டப் பழக ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. 1984-ல் பறக்க ஆசைப்பட்ட எனக்குக் கிடைத்த இடம் மீனம்பாக்கம்தான். போடியிலிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் மதுரை, மதுரையில் பாண்டியன், எழும்பூரில் இறங்கி மின்சார ரயில். மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் 1930-ஐ ஒட்டித் தொடங்கியது. ஜே.ஆர்.டி. டாடா 1929 பிப்ரவரியில் பம்பாயில் இந்தியாவின் முதல் பைலட் லைசென்ஸை வாங்கிய அதே காலத்தில் முளைத்த கிளப்புகளில் அதுவும் ஒன்று.

இதற்குப் பணம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். 1982-83 வறட்சி ஏலமலையைக் காயப்போட்டது. ஏலச் செடி நிழலும் ஈரமும் கேட்கிற பயிர். மழை பொய்த்தால் முதலில் வாடுவது அதுதான். தோட்டம் தோட்டமாகக் கருகியது. பூப்பாறைக்கு அப்பால் என் தாய்மாமனுக்குச் சில ஏக்கர் இருந்தது. அதன் நடுவே ஓர் ஓடை. அந்த ஓடை மட்டும் வற்றவில்லை. மற்றவர்களிடம் காய் இல்லாத வருஷத்தில் மாமாவிடம் காய் இருந்தது, விலையும் ஏறி நின்றது. ஊரே கஷ்டப்பட்ட காலத்தில் கையில் காசு வந்தது மாமாவுக்கு உறுத்தலாகவே இருந்தது. சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காசில் ஒரு பங்கை எடுத்து என்னிடம் கொடுத்து, "நெலத்துல போட்டா நெலம். உன் ஆசையில போட்டா என்ன வருதுன்னு பாப்போம் மாப்ள" என்றார். அப்போது பைலட் லைசென்ஸ் எடுக்கப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கிளப்புகளுக்கு அரசு மானியமும் இருந்தது. ஆனாலும் ஒரு மணி நேரப் பறத்தல் எங்கள் வீட்டுக்குப் பெரிய செலவுதான்.

நான் பழகியது புஷ்பக்கில். பெங்களூர் எச்.ஏ.எல். செய்த விமானம். முதன்முதலில் பறந்தது 1958-ல். எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி, வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். இறக்கை தலைக்கு மேலே. பக்கம் பக்கமாக இரண்டு சீட். 90 குதிரைத்திறன் இன்ஜின். ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று புரொப்பல்லரைக் கையால் சுழற்றிவிட வேண்டும். உள்ளே இருப்பவரும் வெளியே நிற்பவரும் ஒவ்வொரு சொல்லையும் சத்தமாகச் சொல்லி, சத்தமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வார்கள். "ஸ்விட்ச் ஆஃப்." "ஸ்விட்ச் ஆஃப்." "காண்டாக்ட்." "காண்டாக்ட்." அந்த முறை தவறினால் வெளியே நிற்பவரின் கை போய்விடும். அதற்கும் முன்னால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். ராத்திரிக் குளிரில் டேங்குக்குள் ஈரம் படிந்திருந்தால், தண்ணீர் தனியாக அடியில் முத்தாக நிற்கும். அது தெரியாமல் மேலே ஏறினால் இன்ஜின் நின்றுபோகும். இன்றைக்குப் பயிற்சி விமானங்களில் கண்ணாடித் திரைகளும் செயற்கைக்கோள் வழிகாட்டியும் வந்துவிட்டன. பெட்ரோலைப் பிடித்துப் பார்க்கிற வேலை அப்படியே இருக்கிறது. ஒரு பயிற்சிப் பள்ளியைப் பார்க்கப் போனால் அந்த வேலையை எவ்வளவு பொறுமையாகச் செய்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

என் இன்ஸ்ட்ரக்டர் திருநெல்வேலிக்காரர், விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். புஷ்பக்குக்குப் பின்னால் வால் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். முன்னால் ரன்வே தெரியாது. இன்ஜினுக்கு வேகம் கொடுத்ததும் மூக்கு இடது பக்கம் இழுக்கும். வலது பெடலை மிதித்துச் சரிசெய்ய வேண்டும். "வலது கால் தம்பி, வலது கால்." அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ரன்வேயில் நாங்கள் ஓடுவது சின்ன ஒரு துண்டு. கடல்காற்று வந்து இறங்குவதற்குள், விடிகாலையிலேயே பழக்கத்தை முடித்துவிடுவார்கள்.

இரண்டு சீட் விமானத்தில் பழகுவதை வேறு எந்தப் படிப்போடும் வைத்துப் பேச எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறார். உங்கள் முன்னால் இருக்கிற அதே பெடலும் கண்ட்ரோலும் அவர் முன்னாலும் இருக்கின்றன. நீங்கள் அழுத்துவது அவர் காலுக்குத் தெரிகிறது. அவர் திருத்துவது உங்கள் காலுக்குத் தெரிகிறது. பேச்சே தேவைப்படாத பாடம் அது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் தொடுவது குறையும். ஒரு கட்டத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பல்லாவரம் மலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பிறகு ஒருநாள் காலை, ரன்வே ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கிவிட்டார். போகும்முன் தன் சீட் பெல்ட்டை இழுத்து, காலி சீட்டின் மேல் இறுக்கிக் கட்டினார். தொங்கிக்கொண்டிருந்தால் கண்ட்ரோலில் மாட்டும். "ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

தனியாக ஏறும்போது முதலில் தெரிவது பயம் அல்ல, எடை. ஓர் ஆள் குறைந்தாலே அந்தச் சின்ன விமானம் வேறு விமானம் ஆகிவிடுகிறது. தரையை விட்டுச் சீக்கிரம் எழும்புகிறது. ஆயிரம் அடியைச் சீக்கிரம் தொடுகிறது. இறங்கும்போது தரையை ஒட்டிக் கூடுதலாக மிதக்கிறது. காற்றைத் தாளில் படித்தவனுக்கும் உடம்பால் படித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்று புரிந்தது. நான் இறங்கியதும் அவர் கைகொடுத்தார். அவ்வளவுதான். அந்த மனிதரைவிட நல்ல ஆசிரியர் எனக்கு வாழ்க்கையில் அமையவில்லை.

காற்றைப் பற்றி அவர் எடுத்த ஒரு பாடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மலை இருக்கிற இடத்தில் பறப்பது எப்படி என்று கரும்பலகையில் ஒரு மலைமுகட்டை வரைந்தார். காற்று வந்து மோதுகிற பக்கத்தில் அது சரிவைப் பிடித்து மேலே ஏறும். விமானத்தையும் சேர்த்துத் தூக்கும். முகட்டைத் தாண்டியதும் அதே காற்று மறுபக்கச் சரிவில் கீழே விழும். அங்கே மாட்டிக்கொண்ட சின்ன விமானம், இன்ஜின் முழு வேகத்தில் இருந்தாலும், கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் காற்று எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். வகுப்பில் யாரும் பேசவில்லை. எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

போடியில் ஆனி, ஆடியில் மேற்கே பார்த்தவர்களுக்குத் தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். மலை விளிம்பில் மேகம் பால் பொங்குவது போலப் பொங்கி, எங்கள் பக்கம் வழிய ஆரம்பிக்கும். பாதி மலை இறங்குவதற்குள் கரைந்து காணாமல் போகும். ஊரில் ஒரு துளி விழாது. காற்று மட்டும் வந்து தகரக் கூரையைப் பிடித்து ஆட்டும், தெருப் புழுதியை வாரிக் கண்ணில் போடும். களத்தில் ஏலக்காய் காயவைக்க முடியாது. இறங்குகிற காற்று சூடாகும், சூட்டில் மேகம் ஆவியாகும். மேகம் கரைகிற கோடுதான் காற்று விழுகிற இடம். அதைச் சொன்னேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஊரு நீ?" என்று கேட்டார். போடிநாயக்கனூர் என்றேன். "அப்ப இந்தப் பாடம் உனக்கு வேண்டாம்" என்றார்.

மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குக் காற்று தெரியும். அன்றிலிருந்து இதை நான் நம்புகிறேன். எந்தப் பருவத்தில் எந்தக் கணவாயில் காற்று திரும்பும், பருந்து எந்தச் சரிவில் இறக்கையை அசைக்காமல் மேலே ஏறும், மதியம் எத்தனை மணிக்குப் பாறை சூடேறிக் காற்று கிளம்பும் என்பதெல்லாம் ஆடு மேய்க்கிற பையனுக்கும் காய் பறிக்கிற பெண்ணுக்கும் அத்துப்படி. வானிலையியல் என்று தடித்த புத்தகத்தில் படித்து எழுத வேண்டிய பரீட்சையில் பாதியை அவர்கள் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். அந்த அறிவுக்கு மார்க் போட ஓர் இடம் இல்லை என்பதுதான் என் வருத்தம், அன்றும் இன்றும்.

என் பறத்தலை நிறுத்தியது மழையோ காற்றோ அல்ல. வறட்சி தீர்ந்து செடிகள் மீண்டன. ஏலமலை செழித்தது. அதே நேரத்தில் மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்ற நாடு ஏலக்காயை மலை மலையாக விளைவித்து உலகச் சந்தையைப் பிடித்தது. விலை சரிந்தது. ஊர் செழித்த வருஷத்தில் மாமாவின் கை வறண்டது. கமர்ஷியல் லைசென்ஸுக்குக் குறிப்பிட்ட மணி நேரம் பறந்திருக்க வேண்டும். என் லாக் புக் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. நான் ஊர் திரும்பி ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதப் போனேன். சல்லடையில் சலித்து, எட்டு மில்லிக் காயைத் தனியாக ஒதுக்குகிற பெண்களுக்குக் கூலி எழுதுகிற வேலை. மாமாவும் நானும் இதற்காக ஒருவரை ஒருவர் நொந்துகொண்டதில்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது அவர் இல்லை. இருந்திருந்தால் முதலில் என் லாக் புக்கைத்தான் கேட்டிருப்பார்.

அதற்கு முந்தைய வருஷம், 2018 மார்ச்சில், குரங்கணிக் காட்டுத் தீயின்போது விமானப் படை ஹெலிகாப்டர்கள் எங்கள் மலைக்கு வந்தன. தேயிலைப் பெட்டிகள் கயிற்றில் இறங்கிய அதே கொட்டகுடிப் பள்ளத்தாக்கின் மேலே அவை வட்டமிட்டன. மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களையும் பெண்களையும் அந்தத் தீ கொன்றது. போடி அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஊரே நின்றது. செங்குத்தான சரிவு, காய்ந்த புல், சூடேறிய காற்று, புகை. அந்த வானத்தில் ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது கீழே நின்ற எனக்குத் தெரிந்தது. அந்த பைலட்டுகளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இப்போது சத்திரம். தேனிக்காரர்களுக்கு அந்தப் பேர் தெரியும். குமுளி தாண்டி வண்டிப்பெரியாறு போய், அங்கிருந்து மேலே ஏறினால் வருகிற ஊர். புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடப்பவர்கள் அங்கிருந்துதான் காட்டுக்குள் இறங்குவார்கள். பெரியார் புலிகள் காப்பகத்தை ஒட்டிய அந்தப் புல்மலை மேல் கேரள அரசு என்.சி.சி. மாணவர்களுக்காக ஓர் ஏர்ஸ்ட்ரிப் அமைத்தது. நீளம் 650 மீட்டர். 2022 ஏப்ரலில் விமானத்தை இறக்கிப் பார்க்க வந்தார்கள். ரன்வே முனையில் நின்ற மேடு இறங்கவிடவில்லை. அந்த வருஷ மழையில் ரன்வேயின் ஓரம் சரிந்து போனது. 2022 டிசம்பர் 1 அன்று, வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற இரண்டு சீட் விமானம் அங்கே வந்து இறங்கியது. ஸ்லோவேனியா நாட்டுத் தயாரிப்பு. 80 குதிரைத்திறன், என் புஷ்பக்கைவிடப் பத்து குறைவு. துணிக்குப் பதிலாக இழைக் கூட்டுப்பொருளால் செய்த உடம்பு. ஆபத்தென்றால் விமானத்தையே தாங்கி இறக்குகிற பாராசூட்டும் உண்டு. ஏலமலைப் பக்கத்தில் விமானம் இறங்கியதைப் படித்தபோது என் அப்பத்தா நினைவு வந்தது. அடக்க முடியாமல் பஸ் ஏறிவிட்டேன்.

கூட வந்தவள் என் சித்தப்பா மகனின் பெண். கோவையில் கல்லூரி, என்.சி.சி.யில் விமானப் பிரிவு. நாங்கள் போன அன்று விமானம் எதுவும் இல்லை. வண்டிப்பெரியாறு டீக்கடைக்காரர், எஸ்டேட் தமிழர், விமானம் இறங்கிய நாளில் தோட்ட வேலையை விட்டு ஜனம் மலையேறிய கதையைத் தன் வீட்டு விசேஷம் மாதிரி சொன்னார். சத்திரத்தில் காற்று முகத்தில் அறைந்தது. புல் எல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடந்தது. அவள் வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "பெரியப்பா, இது நம்ம மலையோட முதுகுப் பக்கம். நம்ம ஊர்ல விழுற காத்து இங்க ஏறுது. ஜூன் வந்தா மேகம் ரன்வே மேலயே உக்காந்துரும்ல?" என்றாள். அவளுக்கு யாரும் கரும்பலகையில் வரைந்து காட்டவில்லை. உயரத்தில் காற்று மெலியும், இன்ஜினுக்கும் இறக்கைக்கும் பலம் குறையும், 650 மீட்டர் அங்கே சமவெளியில் இருக்கும் 650 மீட்டர் அல்ல என்பதையும் அவளே சொன்னாள்.

மழையில் சரிகிற மலையில் ரன்வே வேண்டுமா, புலிகள் காப்பகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வேண்டுமா என்று கேட்கிறவர்களின் கேள்வி நியாயமானது. எனக்கும் அந்தக் காடு வேண்டும். ஆனால் தேனி, போடி, கம்பம் பக்கத்துப் பிள்ளைகள் தொட்டுப் பழக ஒரு விமானம் எங்காவது வேண்டும் என்பதையும் நான் விடமாட்டேன். சேலம் விமான நிலையத்தில் இப்போது பயிற்சிப் பள்ளிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். மதுரைக்குத் தெற்கே ஏதாவதொரு சின்ன ரன்வேயில் அப்படி ஒன்று வரட்டும். நான் பழகிய மீனம்பாக்கம் இன்று ஜெட்டுகளின் நெரிசல். 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில் 2023 ஜூனில் அகலப் பாதையில் திரும்பி வந்து நேராகச் சென்னை சென்ட்ரல் வரை போகிறது. போடிப் பிள்ளை ராத்திரி ஏறிக் காலையில் சென்னையில் இறங்கலாம். புரொப்பல்லரைச் சுழற்றிவிட அங்கே அவனுக்காக யாரும் காத்திருக்கவில்லை. கமர்ஷியல் லைசென்ஸுக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்றிருந்த இடத்தில் பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் என்ற விதி வந்தது. அதைப் படித்துவிடுவார்கள் எங்கள் பிள்ளைகள். கமர்ஷியல் லைசென்ஸ் எடுத்து முடிக்க அரைக் கோடி ரூபாய் அளவுக்கு ஆகிறது. எந்த ஓடையும் அதைத் தராது. அன்று மானியம் கொடுத்துக் கிளப்புகளைத் தாங்கிய அரசு அதை வீண் என்று நினைக்கவில்லை. அந்த நினைப்பு மீண்டும் வர வேண்டும்.

சத்திரத்திலிருந்து திரும்பும் வழியில், குமுளி பஸ் ஸ்டாண்டில், அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். "கண்ணாடி போட்டவங்களை எடுக்கமாட்டாங்கன்னு அப்பா சொல்றாரே, நெசமா?" சிவில் பைலட்டுக்குக் கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும், அதோடு நிறங்களும் சரியாகத் தெரிய வேண்டும், முதலில் இரண்டாம் வகுப்பு மெடிக்கல் எடுத்துவிடு, பணத்தை அப்புறம் பார்க்கலாம் என்றேன். மெடிக்கல் யார் எடுப்பார்கள் என்றாள். சிவில் விமானத் துறையான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டர்கள் பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது என்றேன். பஸ் லோயர் கேம்ப் இறங்குவதற்குள், பட்டியலில் மதுரைப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்து, தன் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.